பூவிலிருந்து வருவது மணம் மட்டுமே: பூ ஒயின் பற்றிய வாசகர் கேள்விகள்

முதன்முறையாகப் பூ ஒயின் போட நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். அளவுகள் எல்லாம் 4.5 லிட்டர் குடுவை ஒன்றுக்கு. வீட்டில் மது நொதிக்க வைப்பது சில இடங்களில் அனுமதிக்கப்பட்டது, சில இடங்களில் குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பூவில் சர்க்கரையே கிடையாதே, அது எப்படி ஒயின் ஆகும்? திராட்சையைப் போல நசுக்கிப் போட்டால் போதுமா?

போதாது. திராட்சைக்குள் சர்க்கரை, அமிலம், துவர்ப்பு தரும் டானின், ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து எல்லாமே இருக்கின்றன. பூ இதழில் இருப்பது மணம், கொஞ்சம் நிறம், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். முதல் முயற்சி கெடுவதற்குப் பெரும்பாலும் இதை மறப்பதே காரணம். பூவும் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் போட்டால் நொதித்தல் பாதியில் நின்றுபோகும். நிற்காமல் முடிந்தாலும் சப்பென்று, மணமேற்றிய சாராயத் தண்ணீர் போல இருக்கும்.

ஆகவே முதலில் ஒரு நல்ல அடித்தளத்தைத் தயார் செய்யுங்கள். வெள்ளைச் சர்க்கரை 900 கிராம், உலர்திராட்சை 200 கிராம், இரண்டு எலுமிச்சையின் சாறு, சிட்ரிக் அமிலம் 12 கிராம், ஒரு தேக்கரண்டி தேயிலையை 150 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்த கட்டன் சாயா, ஈஸ்ட் சத்துப்பொடி ஒரு தேக்கரண்டி. உலர்திராட்சை ஒயினுக்குக் கனம் கொடுக்கும். அது இல்லாவிட்டால் நாக்கில் தண்ணீராகத்தான் படும். வெல்லமும் பழுப்புச் சர்க்கரையும் வேண்டாம், அவற்றின் வாசனை பூவை மூடிவிடும்.

உலர்திராட்சை வாங்கும்போது உறையைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட் சேர்த்தது என்றிருந்தால் தவிர்த்துவிடுங்கள், அது ஈஸ்ட்டைப் பெருக விடாது. எண்ணெய் பூசியது என்றால் வெந்நீரில் இரண்டு முறை அலசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோஜா ஒயின் போட ஆசை. முதல் நாளிலிருந்து கடைசிவரை என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

மணமுள்ள ரோஜா வேண்டும். மணமில்லாத அலங்கார ரோஜாவை எவ்வளவு போட்டாலும் பயனில்லை. பனி காய்ந்த காலை நேரத்தில், முழுதாக விரிந்த பூவைப் பறியுங்கள். இதழ்களை அளவுக் குவளையில் லேசாக அமுக்கி அளந்தால் 2 லிட்டர் வர வேண்டும். ஒவ்வொரு இதழின் அடியிலும் வெளிறிய ஒரு முனை இருக்கும், அது கசக்கும். இதழ்களைக் கொத்தாகப் பிடித்துக் கத்தரிக்கோலால் அந்த முனையை வெட்டிவிடலாம். பச்சைப் புல்லிகள், மகரந்தத் தண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. பாதி இதழை இப்போதே பயன்படுத்துங்கள். மீதியைப் பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பாத்திரம், கரண்டி, வடிதுணி எல்லாவற்றையும் கழுவி, பிறகு அலசத் தேவையில்லாத வகைக் கிருமிநீக்கியில் நனைத்தெடுங்கள். குளோரின் ப்ளீச் வேண்டாம். அதன் மிச்சம் பூஞ்சணம் பிடித்த அட்டைப்பெட்டி வாசனையை ஒயினில் ஏற்றிவிடக்கூடும்.

இரண்டரை லிட்டர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், நறுக்கிய உலர்திராட்சை, பாதி இதழ்கள், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், தேயிலைச் சாறு எல்லாம் 10 லிட்டர் கொள்ளும் உணவுத்தர வாளியில் போட்டு இந்தப் பாகை ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். பிறகு ஆறவைத்த தண்ணீர் சேர்த்து மொத்தத்தை 4.5 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். சல்ஃபைட் கொண்ட கேம்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு, துணியால் மூடி 24 மணி நேரம் விடுங்கள். காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்குவது அதன் வேலை. சல்ஃபைட் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அந்த ஒயின் அவர்களுக்கு ஆகாது என்பதைச் சொல்லிவையுங்கள்.

இந்த நேரத்தில் ஹைட்ரோமீட்டரை, அதாவது கரைசலின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை அளவைக் காட்டும் கருவியை, மிதக்கவிட்டுப் பாருங்கள். 1.077 முதல் 1.080 வரை காட்டும். குறைவாக இருக்கிறதே என்று இன்னும் சர்க்கரை கொட்டிவிடாதீர்கள். உலர்திராட்சைக்குள் இருக்கும் சர்க்கரை மெல்லத்தான் கரைந்து வரும், அதையும் சேர்த்தால் உண்மையான தொடக்கம் 1.088 அளவில் இருக்கும்.

மறுநாள் சத்துப்பொடியைக் கலக்குங்கள். கொதித்து ஆறி 35 முதல் 38 டிகிரி சூட்டில் இருக்கும் 50 மில்லி தண்ணீரில் 5 கிராம் ஒயின் ஈஸ்ட்டைத் தூவி, 15 நிமிடம் கழித்துக் கலக்கி வாளியில் ஊற்றுங்கள். கரைசலுக்கும் வாளிக்கும் சூட்டு வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்ட் அதிர்ச்சியில் பாதி செத்துவிடும். முதல் சில நாட்கள் தினமும் இரண்டு முறை கிளறுங்கள். மேலே மிதக்கும் இதழ் காய்ந்தால் அதில்தான் முதலில் பூஞ்சணம் வரும்.

ஐந்தாறு நாளில் ஹைட்ரோமீட்டர் 1.030 பக்கம் இறங்கியிருக்கும். இதுதான் முக்கியமான கட்டம். இதழ்களையும் உலர்திராட்சையையும் வடித்தெடுத்துவிட்டு, உறையவைத்த மீதி இதழ்களை மஸ்லின் பையில் கட்டி, கிருமிநீக்கிய கண்ணாடிக் கோலிகளைப் பாரத்துக்குப் போட்டு, அதே வாளியில் மூன்று நாள் மூடிவையுங்கள். முதலில் போட்ட இதழின் மணத்தில் பெரும்பகுதியைப் பொங்கி வெளியேறும் கரியமில வாயு அடித்துக்கொண்டு போயிருக்கும். பொங்கல் அடங்கியபின் போடும் இதழின் மணம்தான் தங்கும். அதற்குள் உருவாகியிருக்கும் ஆல்கஹாலும் மணத்தை நன்றாக இழுக்கும். பையை நேரே குறுகிய வாய்க் குடுவைக்குள் திணித்துவிடாதீர்கள், உள்ளே போன பை ஊறி உப்பியபின் வெளியே வராது.

மூன்று நாள் கழித்துப் பையை எடுத்துவிட்டுக் குடுவைக்கு மாற்றுங்கள். கழுத்துவரை நிரம்பவில்லை என்றால் கொதித்து ஆறிய தண்ணீரால் நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத மூடியான ஏர்லாக்கைப் பொருத்துங்கள். இனி மூன்று முதல் ஆறு வாரம் அதன் போக்கில் விடுங்கள்.

கேள்வி: ஒயின் ஈஸ்ட் கிடைக்கவில்லை. ரொட்டி ஈஸ்ட் போடலாமா? ஏர்லாக் இல்லாமல் முடியுமா?

ரொட்டி ஈஸ்ட் நொதிக்கவைக்கும். ஆனால் ரொட்டி மாவு வாசனையை விட்டுப்போகும், வண்டலும் இறுகப் படியாது, குடுவையைச் சாய்த்த மாத்திரத்தில் கலங்கிவிடும். திராட்சை ஒயினில் அந்த வாசனை மறைந்துவிடலாம். பூவின் மெல்லிய மணத்துக்குப் பக்கத்தில் அதுதான் முன்னால் நிற்கும். ஒயின் ஈஸ்ட் வரும்வரை காத்திருங்கள், பூவை உறையவைத்துக்கொள்ளலாம்.

ஏர்லாக்குக்குப் பதில், ஊசியால் ஒரு துளை போட்ட பலூனைக் குடுவை வாயில் மாட்டினால் சமாளிக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் நொதித்துக்கொண்டிருக்கும் குடுவையை இறுக மூடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பகலில் 32 டிகிரி. பூ ஒயினுக்கு 20 டிகிரி வேண்டும் என்கிறார்களே?

18 முதல் 22 டிகிரி சிறந்தது என்பது உண்மைதான். நொதித்தல் தானாகவே வெப்பத்தை உண்டாக்கும் என்பதால், அறை 32 டிகிரி என்றால் வாளிக்குள் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வேகமாக ஓடி, தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்களை உண்டாக்கிவிட்டுப் பாதியில் களைத்து நின்றுவிடும். மணமும் பறந்துவிடும்.

வாளியை ஓர் அகலத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துண்டால் சுற்றி, துண்டின் நுனியைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மின்விசிறிக் காற்று பட்டால் ஐந்து டிகிரிவரை குறையும், காற்று வறண்டிருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் இது பலிக்காது. அங்கே உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்றிப் போடுங்கள். முதல் நான்கைந்து நாள்தான் கவனம் தேவை, பொங்கல் அடங்கியபின் சூடும் குறையும். ஈஸ்ட் வகையிலும் கவனம் வையுங்கள். 71பி, ஈசி-1118 இரண்டுமே 30 டிகிரிவரை தாங்கும் என்று குறிப்பிடப்படுபவை. இதில் 71பி மென்மையான மணங்களுக்கு ஏற்றது. ஈசி-1118 எதையும் முடித்துவைக்கும் முரட்டு வகை, முதல்முறை செய்பவர்களுக்குப் பத்திரமானது.

கேள்வி: எந்தெந்தப் பூவில் செய்யலாம்? தோட்டத்தில் நிறைய வகை இருக்கிறது.

உண்ணத்தக்கது என்று உறுதியாகத் தெரிந்த பூவில் மட்டும். தேநீரிலோ சமையலிலோ பயன்படும் பூ என்றால் பெரும்பாலும் சரி. சந்தேகம் துளி இருந்தாலும் விட்டுவிடுங்கள். அரளி, ஊமத்தை, செங்காந்தள், எருக்கு, உண்ணிச்செடிப் பூ, டாஃபோடில், ஃபாக்ஸ்குளோவ், ரோடோடென்ட்ரான் ஆகியவை நஞ்சு. நொதித்தல் அந்த நஞ்சை அழிக்காது. ஆல்கஹால் அதை இன்னும் நன்றாக இழுத்தெடுக்கவும்கூடும். பூக்கடைப் பூவும் மாலைக்குக் கட்டிய பூவும் வேண்டாம், அவற்றில் பூச்சிமருந்து இருக்கலாம். அது கழுவினால் முழுதாகப் போகாது.

டேன்டிலயன் என்றால் மஞ்சள் இதழ் மட்டும் இரண்டு முதல் மூன்று லிட்டர் வேண்டும். அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தைப் பிய்த்தெறிய ஒரு மாலைப்பொழுது போய்விடும், ஆனாலும் அதைத் தவிர்க்க வழியில்லை. பச்சை சேர்ந்தால் கசப்பு போகவே போகாது. எல்டர் பூ அரை லிட்டரே போதும். கூடினால் பூனை மூத்திர நாற்றம் அடிக்கும். அதன் காம்பிலும் இலையிலும் நஞ்சு உண்டு என்பதால் பூவை மட்டும் உதிர்த்தெடுங்கள், கழுவாமல் உதறினால் போதும், மகரந்தத்தில்தான் மணம் இருக்கிறது. மல்லிகையும் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். லாவெண்டர் உலர்ந்தது ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் சோப்புத் தண்ணீர்தான்.

புளிச்சைக்கீரை வகையில் வரும் சிவப்புப் புல்லிகள், உலர்ந்தவை 60 முதல் 80 கிராம், அழகான நிறமும் புளிப்பும் தரும். அதற்குச் சிட்ரிக் அமிலத்தை முதலில் சேர்க்காமல், கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணச் செம்பருத்திக்கு மணமில்லை, கொழகொழப்பு வேறு. சங்குப்பூவின் நீலமும் அமிலத்தில் நிற்காது, ஊதாவாகிவிடும்.

கேள்வி: நான்காம் நாள் அழுகிய முட்டை நாற்றம். கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் பற்றாக்குறை, அதனால் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது. பூ ஒயினில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் பூ எந்தச் சத்தையும் கொடுப்பதில்லை. நான்காம் நாள் என்பதால் நேரம் இருக்கிறது. அரைத் தேக்கரண்டி சத்துப்பொடியைக் கொஞ்சம் ஒயினில் கரைத்து ஊற்றி, நன்றாகக் கிளறுங்கள். நேரடியாகப் பொடியைத் தூவினால் கரைந்திருக்கும் வாயு குபீரென்று நுரைத்து வாளியைத் தாண்டி வழியும். ஓரிரு நாளில் நாற்றம் அடங்கிவிடும். சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தபின் சத்து போடுவதில் பயனில்லை, அப்போது ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது. அந்த நிலையில் வண்டலிலிருந்து பிரித்து, ஒரு முறை மட்டும் சலசலவென்று உயரத்திலிருந்து ஊற்றி மாற்றுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் அதே நாற்றம் வெந்த வெங்காய வாசனையாக மாறும், அதன்பின் மீட்பது கடினம்.

கேள்வி: ஏர்லாக்கில் குமிழி நின்று மூன்று நாள் ஆகிறது. முடிந்துவிட்டதா?

குமிழியை நம்பாதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியாகப் போகும். முடிந்த ஒயினிலும் வெயில் ஏறினால் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் 0.996 அல்லது அதற்குக் கீழே, மூன்று நாள் இடைவெளியில் இருமுறை ஒரே எண்ணைக் காட்டினால்தான் முடிந்ததாகப் பொருள். 20 டிகிரியில் அளவிடுங்கள், கருவியில் ஒட்டிய குமிழிகளைச் சுழற்றி உதிர்த்துவிட்டுப் பாருங்கள், ஒட்டிய குமிழி அதை மேலே தூக்கிப் பொய் எண் காட்டும். தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.088-இல் தொடங்கி 0.996-இல் நின்றால் சுமார் 12.

1.020 போன்ற இடத்தில் நின்றிருந்தால் அது முடிவல்ல, முடக்கம். முதலில் சூட்டைப் பாருங்கள், 15 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் 20-க்குக் கொண்டுவந்து வண்டலை மெதுவாகக் கிளப்பினால் பெரும்பாலும் மறுபடி ஓடும். ஓடவில்லை என்றால் புதிய ஈஸ்ட்டை அரைக் குவளை இளஞ்சூட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் பொங்கவிட்டு, அதில் சம அளவு நின்றுபோன ஒயினைச் சேருங்கள். அது பொங்கியபின் மறுபடி சம அளவு. இப்படி இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். வெறும் ஈஸ்ட்டை மேலே தூவினால், ஆல்கஹாலுக்குள் விழுந்த உடனே செத்துவிடும்.

கேள்வி: மேலே வெள்ளையாக ஆடை படர்ந்திருக்கிறது.

சுருங்கிய தாள் போல மெல்லிய ஆடை என்றால் அது காற்றுப் படும் இடத்தில் வளரும் ஒருவகை ஈஸ்ட். குடுவையில் காலியிடம் இருப்பதால் வந்தது. ஆடையைக் கலைக்காமல், சைஃபன் குழாயின் முனையை நடுவில் வைத்துக் கீழுள்ள ஒயினை மட்டும் வேறு குடுவைக்கு இழுங்கள், ஒரு கேம்டன் மாத்திரை போட்டுக் கழுத்துவரை நிரப்புங்கள். நகப்பூச்சு நீக்கியின் வாசனையோ காடி வாசனையோ வந்தால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்துவிட்டது, அதைத் திருப்ப முடியாது. பச்சை, கறுப்பு, பஞ்சுப் பூஞ்சணம் என்றால் மேலோடு அள்ளிவிட்டுக் குடிக்க நினைக்காதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள்.

கேள்வி: கலங்கலாகவே இருக்கிறதே?

பொறுமை. வண்டல் ஒரு விரற்கடை படிந்ததும் தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு இறக்கி, கேம்டன் மாத்திரை ஒன்று போடுங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் தெளியவில்லை என்றால் பென்டோனைட் களிமண் போட்டுப் பார்க்கலாம். இறக்கும்போது குழாயின் மறுமுனை குடுவையின் அடியைத் தொட வேண்டும், சலசலப்பு கூடாது. நொதித்தல் முடிந்த ஒயினுக்குக் காற்றுதான் எதிரி. ரோஜாச் சிவப்பு பழுப்பாவதும், மணம் காய்ந்த சருகாவதும் அதனால்தான். வெளிச்சமும் அதே கெடுதலைச் செய்யும், குடுவையைக் கறுப்புத் துணியால் சுற்றுங்கள்.

கேள்வி: வீட்டு ஒயினில் மெத்தனால் வந்து கண் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

நொதித்தலில் வரும் மெத்தனால் பழங்களின் பெக்டினிலிருந்து வருகிறது. பூ இதழில் பெக்டின் சொற்பம். இந்த அளவு உலர்திராட்சையிலிருந்து வரக்கூடியதும் அற்பம், சாதாரண ஒயினில் இருப்பதைவிட அதிகமாகாது. கண்ணைப் பறித்த சம்பவங்களுக்குக் காரணம் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்த சாராயமும் கண்டபடி காய்ச்சி வடித்ததும்தான். ஒயினை நொதிக்கவையுங்கள், காய்ச்சி வடிக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

கேள்வி: இனிப்பான ஒயின்தான் எங்களுக்குப் பிடிக்கும். புட்டியில் அடைக்கும்போது சர்க்கரை சேர்க்கலாமா?

நேரடியாகச் சேர்த்தால் ஆபத்து. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் ஒயினிலும் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். ஷாம்பெய்னை நுரைக்கவைக்கப் புட்டியில் சேர்ப்பது லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரைதான், அதிலேயே காற்றழுத்தத்தின் ஆறு மடங்கு உருவாகிறது. அதற்கென்றே தடித்த புட்டி செய்கிறார்கள். நீங்கள் லிட்டருக்கு 30 கிராம் போட்டுச் சாதாரணப் புட்டியில் அடைத்தால் அது வெடிக்கும், கண்ணாடி பறக்கும்.

முதலில் நொதித்தல் முழுதாக முடிய வேண்டும், ஒயின் தெளிய வேண்டும், வண்டலிலிருந்து இறக்க வேண்டும். பிறகு பொட்டாசியம் சார்பேட் அரைத் தேக்கரண்டி, சுமார் 1.2 கிராம், அதோடு ஒரு கேம்டன் மாத்திரை. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல்தான் தடுக்கும். அதனால்தான் ஈஸ்ட் மிகுந்த கலங்கல் ஒயினில் அது பலிப்பதில்லை. கேம்டன் இல்லாமல் சார்பேட் மட்டும் போட்டால், லாக்டிக் பாக்டீரியா அதை உடைத்து, கசக்கிய ஜெரேனியம் இலையின் வாசனையை உண்டாக்கும், அதைப் போக்க வழியே இல்லை. இரண்டு நாள் கழித்துச் சர்க்கரைப் பாகு சேருங்கள். லிட்டருக்கு 20 கிராமில் தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள். கொஞ்சம் இனிப்பு வந்ததும் பூ மணம் மேலெழுந்து தெரியும். ஒரு வாரம் ஏர்லாக்கோடு வைத்து, ஹைட்ரோமீட்டர் எண் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு அடையுங்கள்.

கேள்வி: எவ்வளவு நாள் வைத்துக் குடிக்கலாம்? பழகப் பழக ருசி ஏறுமா?

பூவைப் பொறுத்தது. டேன்டிலயன் ஓராண்டுவரை ஊறினால் முரட்டுத்தனம் போய் நன்றாகிறது. ரோஜா, எல்டர் பூ, மல்லிகைக்கு அப்படி இல்லை. புட்டியில் அடைத்து மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் குடித்துவிடுங்கள். அதற்குமேல் ஒயின் கெடாது, மணம்தான் குறையும். குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். பரிமாறும்போது 10 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் போதும், அதற்கும் கீழே போனால் மூக்குக்கு எதுவும் எட்டாது.